வெள்ளைக் காருக்குக் கறுப்புச் சட்டை

மாலை ஐந்து மணிக்குள் உண்மையை மூடி ஒட்டிவிடுவது என்று சிவனாண்டி சபதம் எடுத்தபோது காலை பதினொன்று. முந்தின நாள் பெய்த மழையை ராஜபாளையத்து வெயில் ஆவியாக்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகைக்குள் நிற்பது இட்லிக் கொப்பரைக்குள் நிற்பது போலிருந்தது. அந்த வேக்காட்டிலும் வேலையை இன்றே முடித்தாக வேண்டும்.

காரணம், மைத்துனன் விஜயபாண்டி. ராணுவத்தில் ஹவில்தார். தன் வெள்ளைக் காரை அக்கா வீட்டில் விட்டுப் போகும்போதே, "அக்கா மட்டும் ஓட்டட்டும். மச்சான், நீங்க தொடப்பிடாது" என்று உத்தரவிட்டிருந்தான். இன்று மாலை ரயிலில் வருகிறான். இன்று காலைதான், மனைவி ஆனந்தவல்லி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சிவனாண்டி அந்தக் காரை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினார். ஒரு சந்தில் கல்தூணோடு உரசி, வலப்பக்கக் கதவில் ஒரு முழக் கோட்டோடு திரும்பினார்.

கோட்டை மறைக்க வாங்கிய கறுப்பு வினைல் ஒட்டுத்தாள் சுருளைக் கொடுக்கும்போதே ஸ்டிக்கர் கடை ஐயாதுரை எச்சரித்தார்.

"அண்ணாச்சி, இந்தப் புழுக்கத்துல ஒட்டாதிய. தகடு சுடும். பசை தொட்ட இடத்துலயே கடிச்சிரும். வேர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் கொப்புளந்தான்."

சிவனாண்டிக்கு அது காதில் விழவில்லை. ஹவில்தாரின் பூட்ஸ் சத்தம் மட்டுமே விழுந்துகொண்டிருந்தது.

பின்தாளை ஒரே இழுப்பில் முழுதும் உரித்தார். அதுதான் பிழை. வினைல் முதலில் அவர் முழங்கையில் ஒட்டியது, பிறகு பனியனில், மீதி இருந்தது காரில். இழுத்தால் ரப்பராக நீண்டது. விட்டால் சுருங்கி மடிந்தது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்டக் கதவெங்கும் அம்மை போட்டது.

"என்னங்க பண்ணுதிய?"

வாசலில் ஆனந்தவல்லி. சிவனாண்டி முதுகால் கோட்டை மறைத்துக்கொண்டார். பனியன் கதவோடு ஒட்டிக்கொண்டது.

"மாப்ளைக்கு ஒரு சர்ப்ரைஸ், வல்லி. காருக்கு அலங்காரம்."

"அலங்காரமா?"

"பட்டாளத்துக்காரன் பாரு, கறுப்புப் பட்டை கம்பீரமா இருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை, கனிவு இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டா நல்லாவா இருக்கும்? வண்டியச் செத்த செவுத்த விட்டுத் தள்ளுங்க. இடப்பக்கத்த நான் ஒட்டுதேன்."

"நீயா?"

"இருவத்தெட்டு வருசமா பிள்ளைக நோட்டுக்கு அட்டை போட்டவ. நீங்க எட்டிப் பாக்காதிய, வேர்வை சொட்டிரும்."

அவள் கொட்டகை வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். கதவை ஈரத்துணியால் குளிரவைத்தாள். பிறகு பொட்டு ஈரமில்லாமல் துடைத்தாள். பின்தாளை நான்கு விரல் அகலம் உரிப்பாள், தேய்ப்பாள், மறுபடி உரிப்பாள். ஒன்றரை மணி நேரத்தில் அவள் பக்கம் கண்ணாடி. அவர் பக்கம் அப்பளம்.

ஐந்தரை மணிக்கு விஜயபாண்டி வந்தான். அக்காவின் பக்கத்தைத் தடவி மெச்சினான். மச்சானின் பக்கத்தில் ஒரு கொப்புளத்தை நகத்தால் நிமிண்டினான். வேர்வையில் ஊறியிருந்த பசை விட்டது. வினைல் மூச்சு விடாமல் உரிந்து விழுந்தது. கோடு சிரித்தது.

"என்னது மச்சான் இது?"

"அது... தூண்... கல்லு..."

"அய்யய்யோ!" ஆனந்தவல்லி நெஞ்சில் கை வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுசன்!"

"ரெண்டு பக்கத்தையும் உரிங்க மச்சான். என் வண்டி எனக்கு வெள்ளையா வேணும்."

சிவனாண்டி இடப்பக்கத்தை உரித்தார். பாதியில் கை நின்றது. உள்ளே இரண்டு முழக் கோடு, நடுவில் ஒரு பள்ளம். போன வாரம் மம்சாபுரத்துச் சடங்கு வீட்டுக்கு அவள் தனியாகக் காரில் போனதும், வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே நிறுத்தியதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாப்ள, சத்தியமா இது நானில்ல..."

"பின்னே? அக்காவா?" ஹவில்தார் ஓர் அடி முன்னால் வந்தான்.

சிவனாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து மீதியை உரித்தார்.

ஆனந்தவல்லி பெருமூச்சுவிட்டாள்.

"விடுலே தம்பி. ஒம் மச்சான் ரெண்டு பக்கத்தோட நிறுத்துனாரேன்னு சந்தோசப்படு."