நல்ல கிதாரில் மட்டும் குடியேறும் ஆவி

ஷில்லாங்கில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்யாவிட்டால் அதுவே பெரிய பேச்சாக இருக்கும். அந்த அக்டோபரில் ஒன்பது நாள் பெய்யவில்லை, ஒருவர்கூட அதைப் பேசவில்லை. ஊருக்கு மாஸ்டர் ஜெனித் வந்திருந்தார். இருட்டறையிலும் கறுப்புக் கண்ணாடி, முழங்கால் வரை வெள்ளைப் பூட்ஸ், திபெத்து மலையில் ஐந்து வருஷ மௌனம். மௌனத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் போலும், இங்கே வாயை மூடவே இல்லை.

அவர் கையில் ஒரு ட்யூனர் பெடல். கிதாருக்குச் சுருதி பார்க்கிற பெட்டி. காலடியில் வைத்து மிதிப்பார்கள். மிதித்தால் ஒலிபெருக்கிக்குப் போகிற சத்தம் நின்று பெட்டியில் விளக்கு எரியும். தந்தி சரியாக இருந்தால் பச்சை, ஏறியோ இறங்கியோ இருந்தால் சிவப்பு. காய்கறிக் கடைத் தராசில் எவ்வளவு ஆன்மிகம் உண்டோ அவ்வளவுதான் இதிலும் உண்டு. ஆனால் மாஸ்டருடைய பெட்டி வெள்ளி நிறத்தில் இருந்தது, நடுவில் ஒரு கண் வரைந்திருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ஆத்ம ட்யூனர். தந்தியை மட்டுமல்ல, கிதாருக்குள் தங்கியிருக்கும் செத்தவரின் மூச்சையும் அது காட்டிக்கொடுக்குமாம்.

ஷில்லாங்கின் லைதும்க்ரா பகுதியில் எனக்கு இசைக்கருவிக் கடை. பெடல் வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் நாலைந்தைப் பரப்பி வைப்பேன். வெயிலில் வைத்துப் பாருங்கள், விளக்கு தெரிகிறதா? தந்தியைத் தட்டியதும் சட்டென்று காட்டுகிறதா, இல்லை யோசிக்கிறதா? மிதித்தால் சத்தம் சுத்தமாக நிற்கிறதா? இதற்குமேல் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை என்பேன். ஆனால் அந்த மாதம் வந்தவர்களின் கேள்வியே வேறு.

"இந்தப் பெடல் ஆவியைக் கண்டுபிடிக்குமா?"

"சுருதியைக் கண்டுபிடிக்கும்."

"அது போதாதே! மாஸ்டரோடது ரெண்டையும் செய்யுதாம்."

விற்பனை படுத்துவிட்டது. நானும் மனுஷன்தானே? அவரிடமே போய் வெள்ளிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்தேன். ஊரை மட்டும் கேலி செய்துவிட்டு இதை மறைத்தால் நான் மாஸ்டருக்குத் தம்பியாகிவிடுவேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைதோறும் வட்டார மண்டபத்தில் பரிசோதனை. முதலில் உங்கள் ட்யூனரிலேயே கிதாரைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு அதன் வயரை அவருடைய பெட்டியில் செருக வேண்டும். பச்சை வந்தால் கிதார் சுத்தம், கைதட்டு. சிவப்பு வந்தால் மண்டபமே 'ஐயோ' என்னும். முறுக்காணியைத் திருகிப் பச்சைக்குக் கொண்டுவரலாமா என்று ஒருவன் கேட்டான்.

"புண்ணுக்குப் பவுடர் போடுவியா தம்பி?" என்றார் மாஸ்டர். "மூச்சு உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. அதை விடுவிக்கணும். கிதாரை என்கிட்டக் குடுத்துடு. சோஹ்ரா அருவியில விட்டுடறேன். பதிலுக்கு இந்தப் பெட்டியை வச்சுக்கோ."

பதினான்கு கிதார்கள் அப்படிப் போயின. நான் கடைக்காரன், மரம் பார்த்துப் பழகியவன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கிதார் எதிலும் ஆவி தங்கவில்லை. அத்தனையும் பச்சை. நாற்பது, ஐம்பது வருஷத்துப் பழைய கிதார், நல்ல மரம், நல்ல வேலைப்பாடு என்றால் உடனே சிவப்பு. செத்தவர்களுக்கு என்ன ரசனை! உயிரோடு இருந்தபோது என் கடையில் இதில் பாதி ரசனையைக்கூட அவர்கள் காட்டியதில்லை.

முன்வரிசையில் எப்போதும் பா லம்ப்ராங் உட்கார்ந்திருப்பார். எங்களூரில் அண்ணனைப் 'பா' என்போம், அக்காவைக் 'காங்' என்போம். பா லம்ப்ராங்குக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அப்பா விட்டுப்போன கிதாரை முதல் வாரமே மாஸ்டரிடம் அழுதுகொண்டே ஒப்படைத்தவர். அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டிருந்தது தீர் ஆட்டத்துக்காக. மாலையில் மைதானத்தில் வில்லாளிகள் அம்பு விடுவார்கள். இலக்கில் தைத்த அம்புகளை எண்ணிக் கடைசி இரண்டு இலக்கத்தை அறிவிப்பார்கள். அந்த எண்ணில் பணம் கட்டியவருக்கு யோகம். எந்த எண் என்று கனவு சொல்லும். கனவு வராதவர்களுக்கு வண்டி எண், நாய் குரைத்த கணக்கு, எதுவும் சொல்லும். மாஸ்டரின் பெட்டியில் விளக்கு எரிவதற்கு முன்னால் மூலையில் குட்டியாக ஓர் எண் மின்னி மறையும். பா லம்ப்ராங் அதைத் தவறாமல் நோட்டில் குறித்துக்கொண்டு நேரே தீர் கடைக்கு ஓடுவார். அவர் பின்னால் பாதி மண்டபம் ஓடும்.

நான்காவது சனிக்கிழமை டாரிஹுன் வந்தாள். இருபத்து நாலு வயசு, விரல் பேசும். திங்கட்கிழமை அவள் குழுவுக்கு இலையுதிர்கால விழாவின் தேர்வு. தோளில் இருந்தது அவள் அண்ணன் கிட்போக்கின் கிதார். போன வருஷம் சோஹ்ரா சாலையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவன். அவன் கிதார் இல்லாமல் மேடையேற மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். ஒரு வருஷமாகத் தூங்காத அவள் அம்மாதான் அவளை இழுத்து வந்திருந்தாள்.

கிதாரைப் பார்த்ததும் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மாதத்தில் அவர் அதைக் கழற்றியது அன்றுதான். செருகினார். தந்தியைத் தட்டச் சொன்னார்.

சிவப்பு.

"பையன் உள்ள இருக்கான்," என்றார் மெதுவாக. "போக வழி தெரியாம அழறான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடுத்துடுடி! என் பிள்ளை நிம்மதியாப் போகட்டும்."

டாரிஹுன் கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அண்ணன். தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? என் அலமாரியிலும் ஒரு வெள்ளிப் பெட்டி இருந்ததே.

"ஒரு நிமிஷம் மாஸ்டர்." பின்வரிசையிலிருந்து காங் ஃபிடாலியா எழுந்தாள். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள். வாத்தியமே இல்லாமல் அறுபது பேரை நாலு குரலில் பாட வைப்பவள். அவள் கைப்பையில் வெற்றிலை பாக்கோடு எப்போதும் ஓர் இரும்புச் சுருதிக்கவை கிடக்கும். இரண்டு பல் உள்ள கவைதான். முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவாள்.

"இது நொடிக்கு நானூற்று நாற்பது அதிர்வுன்னு பொறிச்ச கவை. பொறிச்சது பொறிச்சதுதான், எந்நாளும் அதே சுருதி. இதுல யாரும் வாசிச்சதில்ல, யாரும் இதை வச்சுக்கிட்டுச் செத்ததும் இல்ல. இதையும் உங்க பெட்டி கேக்கட்டுமே."

"அது வெறும் இரும்பு."

"அதான் வேணும். வெறும் இரும்புக்குள்ள யாரும் அழ மாட்டாங்க பாருங்க."

கூட்டம் சிரித்தது. காங் கவையைத் தட்டி, டாரிஹுனின் கிதார்த் தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தத்தின் மேல் நீட்டிப் பிடித்தாள். எல்லாரும் பெட்டியையே பார்த்தோம்.

சிவப்பு.

மாஸ்டர் இருமினார். "கவையிலயும் யாரோ..."

"யாரு? எங்க பழைய பாஸ்டரா?" என்று யாரோ கத்த, மண்டபம் அதிர்ந்தது.

காங் ஃபிடாலியா சிரிக்கவில்லை. "பா லம்ப்ராங், நோட்டை எடுங்க. சிவப்பு வந்தப்ப எல்லாம் என்ன நம்பர் மின்னுச்சு?"

பா லம்ப்ராங் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "முப்பத்திரண்டு... முப்பத்திரண்டு... எல்லாம் முப்பத்திரண்டுதான் காங். நாலு வாரமாக் கட்டறேன், ஒருநாளும் வரல."

"பச்சைக்கு?"

"நாற்பது. எல்லாமே நாற்பது."

"சுருதி எங்கே இருக்கணும்னு பெட்டிக்கு நாமதான் சொல்லணும். உலகமெல்லாம் நானூற்று நாற்பதுன்னு சொல்லும். இவரு பூட்ஸ் நுனியால ஓரத்துப் பொத்தானை அமுக்கி நானூற்று முப்பத்திரண்டுன்னு சொல்லிடறாரு. அதோட கடைசி ரெண்டு இலக்கம்தான் மூலையில மின்னுது. அளவுகோலையே குறைச்சுட்டா நல்ல கிதார் தப்பாத்தானே தெரியும்? காலைக் கொஞ்சம் எடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் காலை எடுக்கவில்லை. இரண்டு இளைஞர்கள் மிகுந்த மரியாதையோடு அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவள் குனிந்து பொத்தானை அழுத்தினாள். நாற்பது மின்னியது. கவையைத் தட்டினாள், பச்சை. டாரிஹுன் தந்தியைத் தட்டினாள், பச்சை. இன்னொரு தடவை தட்டினாள். பச்சை.

சாட்சியங்கள் அத்தனையும் ஒரு மாதமாக எங்கள் கண் முன்னால் மின்னிக்கொண்டிருந்தன. தேதி போட்டு நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தோம். எழுதி வைத்துச் சூதாடப் போனோம், ஏன் மாறுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வெளியே நின்ற மாஸ்டருடைய வண்டியைத் திறந்தார்கள். அருவியில் விடப்பட்ட பதினான்கு ஆத்மாக்களும் போர்வை சுற்றிப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் மேலும் கல்கத்தாவில் வாங்கப்போகிறவரின் முகவரி. பா லம்ப்ராங் தன் அப்பாவின் கிதாரைத் தூக்கிக்கொண்டு, அழுவதா உதைப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு உதைக்கப் போனார். அதற்குள் மாஸ்டர் காவல் நிலையத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார். திபெத்திலிருந்து ஒருவழியாக மௌனம் வந்து சேர்ந்திருந்தது.

மண்டபத்துக்குள் அம்மா மட்டும் இன்னும் தரையிலேயே இருந்தாள். "அப்போ என் பிள்ளை இதுல இல்லையா?" என்று கேட்டாள். அந்த ஆளை உதைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். கிதாரைத் திருடுகிறவனை மன்னிக்கலாம். பிள்ளையை இழந்தவளின் துக்கத்தைக் கிண்டி அதில் பிழைப்பு நடத்துகிறவனை எப்படி மன்னிப்பது? டாரிஹுன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாட்டை வாசித்தாள். அம்மா அந்தப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அதே கிதாரோடு டாரிஹுன் மேடையேறினாள். தேர்வானாள்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குத் திரும்பியதும் என் அலமாரியில் இருந்த வெள்ளிப் பெட்டியை எடுத்து நகத்தால் சுரண்டினேன். அடியில் நீல நிறம். என் கடையில் மூன்றாவது தட்டில், யாரும் சீந்தாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதே மலிவுப் பெடல்.

அத்தோடு புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அன்று மாலையே தீர் கடை வாசலில் மண்டபத்துக் கூட்டம் முழுவதும் நின்றது.

"பா லம்ப்ராங், இன்னுமா?" என்றேன்.

"பெட்டிதான் பொய். அந்த நாற்பது நிஜமான நம்பர்னு காங்கே சொல்லிட்டாங்களே! எல்லாத்தையும் அதுல கட்டிட்டேன்."

வந்தது பதினேழு.

பெடல் வாங்க வாருங்கள், வெயிலில் பார்த்துத் தருகிறேன். ஆனால் பச்சை எது, சிவப்பு எது என்று முடிவு செய்ய ஒரு கருவி உங்கள் கழுத்துக்கு மேலேயே பொருத்தியிருக்கிறது. பிறந்த நாளிலிருந்து உறையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரியுங்கள்.