தோகுநாகா தொலைந்துபோன வியாழக்கிழமை

தொலைந்துபோய் ஒரு மணி நேரம் ஆகியும் தோகுநாகாவை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

நிஷிசாகா என்னும் அந்த மேட்டுத் தெருவை அவர் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டார். தலையில் மனைவி மிச்சியோ தூவிவிட்ட அரிசி மாவு. உடம்பில் அப்பாவின் பழைய சாம்பல் நிறக் கோட்டு. நிஜ வயது ஐம்பத்துநாலு. இன்றைக்கு மட்டும் எழுபத்தைந்து. நகராட்சியின் முதியோர் நலப் பிரிவில் உத்தியோகம். இன்றைய உத்தியோகம், வழி தெரியாமல் திரிவது.

மறதி நோய் வந்த ஒருவர் வழி தவறித் தங்கள் தெருவுக்கு வந்துவிட்டால் அங்குள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்கும் ஒத்திகை அது. ஒன்பது மணிக்கு அவர் தொலைய வேண்டும். பன்னிரண்டுக்குள் யாராவது பேச்சுக் கொடுத்து, ஒத்திகை எண்ணுக்குப் போன் செய்து, சமூகக் கூடத்துக்குக் கூட்டி வர வேண்டும். அங்கே ஒரு மேசை போட்டு, நடுவில் போனை வைத்து, துணை மேயர் ஹராகுச்சி உட்கார்ந்திருந்தார்.

ஹராகுச்சி வசந்த காலத்தில்தான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து அவர் கண் 'வியாழன் தேநீர் அறை' மீதுதான். அதே சமூகக் கூடத்தில் வாரம் ஒரு நாள் மறதி நோய்க்காரர்களை உட்காரவைத்துப் பேசி, பாடி, தேநீர் கொடுக்கும் ஏற்பாடு.

"டீ குடிக்கிறதுக்கு நகராட்சி எதுக்கு?" என்று கேட்டார் ஹராகுச்சி.

எதற்கு என்று தோகுநாகாவுக்குத் தெரியும். அவருடைய அப்பா கென்சாகுவுக்கு எண்பத்தொரு வயது. முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர், இப்போது வீட்டுச் சோபாவை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்சியோ ஏறி இறங்க வேண்டும். வியாழக்கிழமை அவர் தேநீர் அறையில் இருக்கும் நாலு மணி நேரம்தான் அவள் தூங்குகிறாள். அறையை மூடினால் அப்பாவை இரண்டு ஊர் தள்ளியிருக்கும் இல்லத்தில் விட வேண்டும். அங்கேயும் அறுபது பேர் காத்திருக்கிறார்கள்.

"ஒத்திகை ஜெயிச்சா அறை இருக்கட்டும். இல்லன்னா மார்ச்சோட மூடிடலாம்" என்று ஹராகுச்சி முடித்துவிட்டார். ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் கூடாது. "அதெல்லாம் புயலுக்கும் பூகம்பத்துக்கும். நீங்க வழக்கமான வழியில சொல்லுங்க, போதும்."

வழக்கமான வழி என்றால் சுற்றட்டை. அறிவிப்பைச் செருகிய அட்டை, தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கைமாறிப் போகும். படித்தவர் முத்திரை குத்திப் பக்கத்து வீட்டில் கொடுப்பார். நாற்பத்திரண்டு வீடு. மூன்று வாரத்துக்கு முன்பே முதல் வீட்டு ஓத்சுபோவிடம் தோகுநாகா அதைத் தன் கையால் சேர்த்துவிட்டார். முள்ளங்கி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர், ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டுப் பணிவாக வாங்கிக்கொண்டார்.

அறிவிப்பில் மூன்றாவது விதியை மட்டும் தோகுநாகா தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: 'ஒத்திகை என்று அவரே சொன்னாலும் நம்ப வேண்டாம். கடைசிவரை நிஜம் என்றே நடந்துகொள்ளவும்.' போன வருஷம் வேறொரு தெருவில் ஆளைப் பார்த்ததும் எல்லாரும் சிரித்து, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வருஷம் போட்டோ எடுக்கக்கூட ஆள் இல்லை.

கோளாறு எங்கே என்று பத்து மணிக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்குக்காக நின்றிருக்கிறார். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லியிருக்கிறார். வழி தவறியவர் மாதிரி இல்லை. வரி பாக்கி கேட்க வந்தவர் மாதிரி இருந்தார்.

பையில் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் கழிப்பறைக்குள் மட்டும் போடும் செருப்பு. பழுப்பு நிறம், மேலே 'கழிப்பறை' என்று பெரிய எழுத்து. அந்த ஊரில் அதைப் போட்டுக்கொண்டு மறதியாக வரவேற்பறைக்குள் வந்தாலே பேச்சு நின்றுபோகும். தெருவுக்கே வந்தால்?

ஷூவைக் கழற்றிப் பையில் போட்டு, பையை ஒரு வேலிக்குப் பின்னால் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். மூன்று அடிகூட வைத்திருக்க மாட்டார்.

"ஐயா, வணக்கம். நான் இந்தத் தோஃபுக் கடை இனாதோமி. காலுக்குக் குளிரலையா?"

அறுபது வயது அம்மாள். கையில் நகராட்சியின் மறதி நோய்ப் பயிற்சியை முடித்தவர்கள் அணியும் ஆரஞ்சு வளையம். பின்னாலிருந்து கூப்பிடவில்லை, முன்னால் வந்து, முழங்காலை மடக்கி, தன் பெயரைச் சொல்லி, மெல்லிய குரலில். பயிற்சிக் கையேட்டின் இரண்டாம் பக்கம் அப்படியே. தோகுநாகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையேட்டை எழுதியவர் அவர்தான். பயிற்சியில் மேடையேறிப் பேசியது பிரிவுத் தலைவர். தோகுநாகா இருட்டில் நின்று படம் மாற்றிக்கொண்டிருந்ததால் அவர் முகம் இந்தத் தெருவுக்குத் தெரியாது.

"ஆபீசுக்குப் போகணும்" என்றார், வேஷத்தை விடாமல்.

"போகலாமே. ஒரு வாய் சூடாச் சாப்பிட்டுப் போங்க."

கடைக்குள் உட்காரவைத்து, வெந்நீரில் சூடாக்கி இஞ்சி துருவிப் போட்ட சோயாத் தோஃபு கொடுத்தாள். காலுக்கு ஒரு ஜோடிக் கம்பளி உறை கொடுத்தாள். இரண்டாவது கிண்ணமும் கொடுத்தாள். போனை மட்டும் தொடவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்றை எட்டிப் பார்த்தது.

"அம்மா, யாருக்காவது போன் பண்ணணும்னு தோணலையா உங்களுக்கு?"

"யாருக்குப் பண்ணட்டும், சொல்லுங்க. வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா?"

"வீட்டுக்கு இல்லம்மா. அந்த நம்பர். எழுபத்தெட்டு..." தோகுநாகா நிறுத்தினார். இந்த ஒத்திகைக்கென்றே போன மாதம் வாங்கி, அறிவிப்பில் போட்ட எண். "எழுபத்தெட்டு பதினாறா, அறுபத்தொண்ணா..."

"பரவாயில்ல, மெதுவா யோசிங்க. அவசரமே இல்ல."

அவசரம் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். நான் நகராட்சிக்காரன். இது ஒத்திகை. நீங்க பிரமாதமாப் பண்றீங்க. என்னைச் சீக்கிரம் சமூகக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

இனாதோமி அவர் கையை இதமாகப் பிடித்துக்கொண்டாள். "நகராட்சியா? பொறுப்பான வேலை. ரொம்ப வருஷமா இருக்கீங்களோ?"

நான்காம் பக்கம். 'வேலைக்குப் போக வேண்டும் என்பார்கள். மறுக்க வேண்டாம். வேலையைப் பற்றி விசாரியுங்கள்.' போதாததற்குத் தடித்த எழுத்தில் மூன்றாவது விதி வேறு. தான் எழுதியதை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருப்பதில் அவருக்குப் பாதி பெருமை, பாதி கிலி.

"இருங்க, அடையாள அட்டை காட்டறேன்" என்று கோட்டைத் திறந்து துழாவினார். ஒத்திகைக்காரர் தன்னை அடையாளம் காட்டும் எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. கோட்டுப் பைகள் காலி. ஆனால் கோட்டின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே ஒரு வெள்ளைத் துணி தைத்திருந்தது இனாதோமியின் கண்ணில் பட்டுவிட்டது.

"தோகுநாகா கென்சாகு. வயசு எண்பத்தொண்ணு" என்று படித்தாள். "எண்பத்தொண்ணா? எழுபதைத் தாண்டாதுன்னு நினைச்சேன் நான்."

"எனக்கு ஐம்பத்துநாலு. அது எங்க அப்பா கோட்டு."

"அப்படியா. அப்பா நல்லா இருக்காரா?"

துணியில் பெயர் தைக்கும் திட்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவரும் தோகுநாகாதான். துணியில் இரண்டு போன் எண்கள் இருந்தன. இனாதோமி முதலில் கூப்பிட்ட வீட்டு எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைகளில் மிச்சியோ போனை மெத்தைக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் படுப்பாள். இனாதோமி அடுத்து, வழக்கப்படி, போலீஸ் சாவடியைக் கூப்பிட்டாள்.

மணி பதினொன்றரை. கூடம் பத்து நிமிஷ நடை. ஓடிவிடுவது என்று தோகுநாகா முடிவு செய்தார்.

கழிப்பறைச் செருப்போடு மேட்டுத் தெருவில் இறங்கி ஓடுவது சுலபமில்லை. முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பின்னால் துரத்தவில்லை, சந்து வழியாகப் போய், முன்னால் வந்து, முழங்காலை மடக்கினார். "ஐயா, வணக்கம். நான் முடிவெட்டறவன்." அவரைச் சுற்றிக்கொண்டு போனால் பஸ் ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்னால் வந்து முழங்காலை மடக்கினார். ஓடிய திசையிலெல்லாம் யாரோ ஒருவர் மெல்லிய குரலில் வணக்கம் சொன்னார்கள்.

சாவடியிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தான் இளம் போலீஸ்காரன் கோகா, அவன் பின்னாலேயே இனாதோமி. அதற்குள் வியர்வையில் மாவு கரைந்து தோகுநாகாவின் தலை பாதி கறுத்துவிட்டது.

"பயத்துல முடி வெளுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் முடிவெட்டுபவர். "கறுத்து இப்பத்தான் பார்க்கறேன்."

கோகா துணியில் இருந்த இரண்டாவது எண்ணுக்குப் பேசினான். அது தேநீர் அறையின் எண். கேட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தான். "கென்சாகு ஐயா அங்க ரெண்டாவது கப் டீ குடிச்சிட்டு இருக்காராம். அப்ப நீங்க யாரு?"

"அவர் பையன், ஷோஜி."

"பையன் எதுக்கு அப்பா கோட்டைப் போட்டுக்கிட்டு, கக்கூஸ் செருப்போட ஓடறாரு?"

"ஒத்திகைக்கு."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இதமாகத் தலையாட்டினார்கள்.

பஸ் ஓட்டுநர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். வழித்தடத்தை விட்டுக் கூடத்துக்குத் திருப்பியபோது பயணிகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும் தோகுநாகாவுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள்.

கூடத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டே கால்.

ஹராகுச்சி ஒத்திகை ஃபைலை மூடிக்கொண்டிருந்தார். "மூணு மணி நேரம். இந்தப் போன் ஒரு தடவைகூட அடிக்கல" என்றார் உரத்த குரலில்.

சுற்றிலும் முதியவர்கள் தேநீர் குடிக்க, நடுவில் அடிக்காத போனை வைத்துக்கொண்டு கோபமாக ஒருவர். இனாதோமி நேரே அவர் முன்னால் போய் முழங்காலை மடக்கினாள்.

"ஐயா, வணக்கம். நான் தோஃபுக் கடை இனாதோமி. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"நான் துணை மேயர்."

"பொறுப்பான வேலை. ரொம்ப வருஷமாவா?"

"ஏழு மாசமா" என்றார் ஹராகுச்சி, தன்னையறியாமல்.

"போகப் போகப் பழகிடும். டீ குடிக்கறீங்களா?"

மூலையிலிருந்து கென்சாகு எழுந்து வந்தார். முதலில் கோட்டைப் பார்த்தார். பிறகு அதற்குள் இருந்த ஆளைப் பார்த்தார்.

"ஷோஜி. தொலைஞ்சு போயிட்டியாடா?"

நாலு மாதமாக அப்பா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யார் வந்தாலும் 'டிக்கெட்' என்றுதான் கேட்பார்.

"என் பையன்தான்" என்று கென்சாகு கோகாவிடம் சொன்னார். "சின்ன வயசிலேருந்தே கடைசி ஸ்டாப் வரைக்கும் தூங்கிட்டே போயிடுவான். கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

கோகா பதிவேட்டை நீட்டினான். கென்சாகு நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டு, மகனை ஒப்படைப்பில் பெற்றுக்கொண்டு, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"பார்த்தீங்களா சார்" என்றார் தோகுநாகா. "போன் வரலதான். ஆனா மொத்தத் தெருவும் சேர்ந்து கூட்டிட்டு வந்திருக்காங்க."

"பார்த்தேன். நல்லாத்தான் செய்யறாங்க." ஹராகுச்சி அறையை மூடும் உத்தரவை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார். "அதுதான் என் பிரச்சினையே. மூணு வாரம் முன்னாடியே சொல்லிவச்சா யாருமே நல்லவங்கதான். நாளைக்கு நிஜமா ஒருத்தர் வழி தவறினா எவன் திரும்பிப் பார்ப்பான்? யாரும் சொல்லாமலே ஒரு தெரு இந்த மாதிரி செஞ்சிருந்தா, நானே இந்த அறைக்கு மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"ஆமாங்க ஐயா" என்றாள் இனாதோமி, அவர் சொன்னதை மறுக்காமல், தேநீரை நீட்டியபடி.

பேனா காகிதத்தைத் தொடப்போன நேரத்தில் வாசலில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது. முள்ளங்கி வாசனை முதலில் வந்தது. பின்னால், மார்போடு ஒரு ஈர அட்டையை அணைத்துக்கொண்டு, மேட்டுத் தெரு முதல் வீட்டு ஓத்சுபோ வந்து இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"மன்னிச்சுக்கணும், மூணு வாரமா இது எங்க ஊறுகாய்ப் பானைக்கு மூடியாக் கிடந்திருக்கு, இப்பத்தான் எடுத்துப் படிச்சேன். இன்னிக்கு எங்க தெருவுல ஏதோ ஒத்திகையாமே, இனிமே பக்கத்து வீட்டுல கொடுத்தாப் போதுமா?"