காந்தக்கையாரும் கண்டக்டரம்மாவின் இடுப்பும்

காந்தக்கையார் வீட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது. வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி என்று ஆஸ்பத்திரியே எழுந்து வந்தது போலிருந்தது. இடுப்பைக் குணப்படுத்துகிற மகானுக்கு அறை மட்டும் மாடியில்! ஏறி வர முடிந்தவர்களுக்குத்தான் அருள் போலும்.

உடம்புக்குள் வைத்த இரும்பு கோபித்துக்கொண்டால் சீழ் பிடிக்குமாம். அந்தக் கோபத்தை அவர் உள்ளங்கையால் உறிஞ்சிவிடுவாராம்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரம்மா நாத்தனாரின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருந்தாள். அவளுடைய செயற்கை இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து, கழற்றி, புண் ஆறியபின் வேறு வைத்திருந்தார்கள். இப்போது துணையில்லாமல் குளியலறைக்குப் போகிறாள். அதுவே அவளுக்குப் பதவி உயர்வு. வலி மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

"ஒரு தடவை கைய வச்சா அதுவும் ஓடிடும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு தச்சருக்கு முகமெல்லாம் சிவந்து, உடம்பு நடுங்கியது.

"காய்ச்சலா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள் கண்டக்டரம்மா.

"மாத்தி வச்ச இடுப்புல சீழ்மா. மாத்திரை தின்னா காந்தம் வேலை செய்யாதுன்னுட்டாரு. நிறுத்திட்டேன்."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊன்றுகோலைக் கை மாற்றினாள். நன்றாக இருந்த வலது காலை இழுத்து நொண்டத் தொடங்கினாள்.

"அண்ணி, அந்தக் கால் இல்லையே!"

"வாய மூடிக்கிட்டு வா."

பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். நுழைந்ததுமே காந்தக்கையாரின் கண் அவள் காலை மேய்ந்தது. வலது இடுப்புக்கு மேலே கை வெடவெடவென்று ஆடியது.

"கொதிக்குது! இரும்பு கொதிக்குது!"

"நல்லாப் பாருங்க ஐயா."

"என் கை பொய் சொல்லாதும்மா!"

"கை பாவம், அது என்ன பண்ணும்? இந்த இடுப்பு எங்கம்மா பெத்தப்பவே குடுத்தது. இரும்பு இருக்கிறது அந்தப் பக்கம்."

காந்தக்கையார் கையை அங்கேயே இன்னும் வேகமாக ஆட்டினார்.

"கோபம்... இந்தப் பக்கம் தாவிடுச்சு."

"பஸ் மாறி ஏறிடுச்சா? டிக்கெட் எடுத்துச்சா?"

வாக்கரை ஊன்றி நின்றவர் முதலில் சிரித்தார். பிறகு மாடிப்படி வரை சிரிப்பு இறங்கியது.

"சரி, கண்ணக் கட்டிக்குங்க. இங்க யாருக்கு எந்தப் பக்கம் இரும்புன்னு சொல்லுங்க. நான் உங்க கால்ல விழுறேன்."

மகானுக்கு உடனே தியான நேரம் வந்துவிட்டது. கதவு சாத்தப்பட்டது.

தச்சரை அவள் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்ற டாக்டர், இடுப்பை மறுபடி திறந்து சீழைக் கழுவினார். மனிதர் எழுந்து நடக்க மாதங்கள் பிடித்தன. ஆனால் நடந்தார்.

காந்தக்கையார் அடுத்த தெருவில் முழங்காலுக்குக் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம். மக்களே, இடுப்புக்கு மாற்று வந்துவிட்டது, முழங்காலுக்கும் வந்துவிட்டது. மூளைக்கு இன்னும் வரவில்லை. இருப்பதையாவது கொஞ்சம் பயன்படுத்துங்கள்.