பீரங்கித் துரையின் வரிபோட்ட நந்தியாவட்டை

உலாந்தா தேசத்து டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஆளும் எங்கள் பழவேற்காட்டில், பீரங்கித் துரையைப் போல் ஒரு கிறுக்கு மனுஷன் கப்பலேறி வந்ததுமில்லை, இனி வரப்போவதுமில்லை.

கோட்டைப் பீரங்கிக்குக் காவல் அவர். காவல் காத்ததென்னவோ ஒரு செடியை. திருப்பாலைவனம் கோயில் நந்தவனத்தில், ஒரேயொரு நந்தியாவட்டைக் கிளையில் மட்டும் இலையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக வரி ஓடியிருந்தது. குருக்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குச்சி வாங்கி வந்து, எங்கள் குப்பத்தை ஒட்டிய தன் தோட்டத்தில் நட்டார். உப்புக்காற்றுக்கு ஓலைத்தட்டி, ஆட்டுக்குப் பழைய வலை. அப்படியும் ஆடு எட்டிப் பார்த்தால், குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்துப் பீரங்கியை முழக்குவார். எதிரிக் கப்பல் வந்துவிட்டதென்று ஆரம்பாக்கம் வரை ஜனங்கள் மூட்டை கட்டுவார்கள். ஆடு மட்டும் நிதானமாக அசைபோடும்.

தமிழை அவர் மீன் சந்தையில் என் மனைவி முனியம்மாவிடம் கற்றார். அதனால் கோட்டைப் பெரிய துரையின் சம்சாரத்தையே, “இன்னாம்மே மொறைக்கிற?” என்று மரியாதையாக நலம் விசாரிப்பார்.

திடீரென்று அவரை ஜாவாவுக்கு மாற்றிவிட்டார்கள். “கப்பலு வர்றதுக்குள்ள ஒரு பூவாச்சும் பாத்துடணும்மே” என்று முனியம்மாவிடம் புலம்பினார். புலம்பிய கையோடு காய்ச்சலில் விழுந்தார்.

செடியை முனியம்மா பார்த்துக்கொண்டாள். வந்தது வினை! “அய்ய, எலையெல்லாம் வெளுத்துப்போயி சீக்கு புடிச்சிக் கெடக்குதே!” என்று பரிதாபப்பட்டு, வரி ஓடிய இலைகளை ஒன்றுவிடாமல் கிள்ளி எறிந்துவிட்டாள். அடியில் கிளம்பியிருந்த முழுப்பச்சைக் கிளைக்கு மட்டும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தாள்.

துரை எழுந்து வந்து பார்த்தார். “அடியே முனியம்மா! சீக்கு இல்லம்மே, அதாம்மே அயகு!” என்று மணலில் உட்கார்ந்து அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

பச்சைக் கிளையை வெட்டியெறிந்தார். மொட்டைக் குச்சியில் மறுபடி வரிபோட்ட துளிர் வந்தது. மொட்டும் வந்தது. அது விரியுமுன் பாழாய்ப்போன கப்பலும் வந்தது.

துரையை ஏற்றிக்கொண்ட கப்பல், காற்றுக்காகக் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. மறுநாள் காலை முனியம்மா கத்திய கத்தலில் குப்பமே எழுந்தது.

“எந்திரிய்யா! பூத்துடுச்சிய்யா! கட்டுமரத்தத் தள்ளு!”

“மீனு படுற நேரத்துல...” என்று இழுத்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டுமரத்தைத் தள்ளினேன். பூவை இலையோடு முண்டாசுக்குள் பத்திரப்படுத்தி, அலையைத் தாண்டினேன்.

கப்பலிலிருந்து கயிற்றில் இறங்கிய கூடையில் பூவை வைத்தேன். பூவை மேலே எடுத்த துரை, “முனியம்மாகிட்ட சொல்லுய்யா...” என்று தொடங்கினார். சொல்லி முடிக்காமலே பூவைத் தொப்பியில் செருகிக்கொண்டு, குப்பம் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று வலையே வீசாமல் வெறுங்கையோடு கரையேறினேன். முனியம்மா மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. “பூவப் பாத்தாராய்யா?” என்றாள். பார்த்தார் என்றதும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கிறுக்கு மனுஷன் மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.