தியாகியும் இரட்டைக்குழலும்

“வீட்டுல தண்டனை வாங்கினவங்க யாராவது இருக்காங்களாம்மா?” வீட்டுக்கு விசாரிக்க வந்திருந்த காவல் நிலைய ரைட்டர் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

கேள்வி தியாகியின் மனைவியிடம். மேசைமேல் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, காலமான அவள் அப்பாவுடையது. உரிமத்தை அவள் பெயருக்கு மாற்றத்தான் இந்த விசாரணை. “இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரைட்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

ஆனால் பக்கத்தில் தியாகி அல்லவா உட்கார்ந்திருந்தார்! எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“நான் இருக்கேன். மூணு வருஷம் கடுங்காவல். தொழிலாளிகளுக்காக!”

பாட்டில் தொழிற்சாலைச் சங்கத்துக்கு அவர் பன்னிரண்டு வருடமாகத் தலைவர். அதற்கு முன்பு எங்கோ தூரத்து ஊரில், ஒரு நூற்பாலையில், வேலைநிறுத்தம், கைது, சிறை என்பார். அந்த மூன்று வருடம் மேடையில் ஐந்தாகும். மழை வந்து கூட்டம் கலைந்தால் மட்டும் மூன்றிலேயே நிற்கும். தியாகி என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

ரைட்டர் பேனாவை மூடினார். “அடடா! தண்டனை வாங்கினவர் கைக்கு எட்டுற இடத்துல துப்பாக்கி இருக்கக் கூடாதுங்களே. சட்டம்.”

“பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன். சாவி என்கிட்ட இருக்கட்டும்,” என்றாள் மனைவி.

பூட்டினாள். தியாகியின் சட்டைகளும் உள்ளேதான் இருந்தன. நான்கு நாள் ஒரே சட்டையில் சங்கத்துக்குப் போனார். என்ன எளிமை என்று உறுப்பினர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

ஐந்தாம் நாள் ரைட்டர் வந்து பீரோவைத் தட்டிப் பார்த்தார். “வெறும் தகரம். ஐயா நெனச்சா ஒரே உதையில திறந்துடுவார்.”

“இவரா? மருந்து பாட்டில் மூடியையே நான்தான் திறந்து குடுக்கணும்.”

“மூணு வருஷம் உள்ள இருந்தவராச்சேம்மா. ரிஸ்க் எடுக்க முடியாது.”

தியாகி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மீசையை நீவினார்.

அடுத்துப் படுக்கையறையே பூட்டப்பட்டது. கூடத்து சோபாவில் படுத்ததில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குள் ரைட்டர் மேலிடத்தில் விசாரித்துவிட்டு வந்தார்.

“ஒரே கூரைக்குக் கீழ ரெண்டும் கூடாதாம். ஒண்ணு துப்பாக்கி இருக்கணும், இல்ல ஐயா இருக்கணும்.”

மனைவி யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் தியாகிக்கு ரொம்பக் குறைவாகப் பட்டது.

“எங்கப்பா ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதாங்க.”

“ஏன், நான் இல்லையா? என்னையும் அவர்தானே பார்த்துக் கட்டி வெச்சார்?”

“வாஸ்தவம். ஆனா அது வாயைத் திறக்காம மூலையில கிடக்குது பாருங்க.”

சங்க அலுவலகத்து மர பெஞ்சுக்குத் தியாகி குடிபெயர்ந்தார். செயலாளர் கண்கலங்கிவிட்டார். “தலைவரே, இது உங்களுக்கு ரெண்டாவது சிறை!”

தலைவருக்கு வேண்டியதெல்லாம் தன் கட்டிலும் அதன் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். அதை மேடையில் சொல்லவா முடியும்?

“கொலைகாரனுக்குப் போட்ட சட்டம் உங்களுக்கு எதுக்கு?” செயலாளர் பொங்கினார். “மனு போடுறோம். அந்தப் பழைய தீர்ப்பு நகலை வரவழைச்சு, இது குத்தமில்ல, தியாகம்னு நிரூபிக்கிறோம்.”

தியாகி பிடித்த முதுகோடு சடாரென்று எழுந்தார். “தீர்ப்பெல்லாம் எதுக்குப்பா? பழசைக் கிளறாதீங்க. பெஞ்சு சுகமாத்தான் இருக்கு.”

“பாத்தீங்களா! வலியைக்கூட மறைக்கிறார்!”

நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தியாகி தடுக்கத் தடுக்க, கையெழுத்து கூடிக்கொண்டே போனது.

பத்து நாள் கழித்து, ஷிப்ட் மாறும் நேரம். சங்க அலுவலகம் நிரம்பி வழிந்தது. ரைட்டர் கையில் ஒரு கோப்போடு, முகமெல்லாம் சிரிப்பாக நுழைந்தார். தியாகி குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

“தீர்ப்பு நகல் வந்தாச்சு!” ரைட்டர் கோப்பை உயர்த்திக் காட்டினார். கைத்தட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆயிற்று.

“ஐயா, நீங்க இன்னைக்கே தாராளமா வீட்டுக்குப் போகலாம்! ஒன்பது பேருக்கு ஆளுக்கு மூணு வருஷம் போட்டிருக்காங்க, அதுல உங்க பேரே இல்ல. கடைசிப் பக்கத்துலதான் இருக்கு, ‘அரசுத் தரப்பு முதல் சாட்சி’ன்னு.”