மச்சானின் வெள்ளை அணுக்கள்

நாட்டுக்கோழி சூப் சபாபதியின் மூக்குக்கு நேராகக் கடந்துபோய் மச்சான் செந்தமிழ்செல்வனின் கையில் சேர்ந்தது.

அது பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். சபாபதியோடு சேர்ந்து பெயிண்ட் கடை நடத்தும் மச்சான், சிதம்பரத்தில் செயற்கை சுவாசம் வைத்துப் பிழைத்தவர். உடம்பு தேறுவதற்காகத் திருப்பாதிரிப்புலியூரில் தங்கை ஸ்ரீமதி வீட்டுக்கு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கட்டில் சபாபதியுடையது.

"டாக்டரே அசந்துட்டாரு" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஸ்ரீமதி சொன்னாள். "கிருமி நுரையீரலுக்குள்ள போனதும் எங்கண்ணன் ஒடம்புல இருக்கிற வெள்ளை அணுவெல்லாம் ஒண்ணுவிடாம கெளம்பி வந்துடுச்சாம். அவ்ளோ எதிர்ப்பு சக்தி."

சபாபதிக்கு வயிறு எரிந்தது. புருஷனைப் பற்றி அவள் இப்படிப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை.

"வந்த அணுவெல்லாம் கிருமியோட நிக்கலை. நுரையீரலையே புண்ணாக்கி நீர் கோக்க வெச்சிடுச்சுங்க. அதுலதான் மூச்சு முட்டுச்சு. டாக்டர் சொன்னப்ப நானும் கூடத்தான் நின்னேன்" என்றான்.

"ஒடம்பே தாங்காத பலம்னு சொல்லுங்க" என்றாள் எதிர்வீட்டு ராஜாமணி. மறுநாள் அவளும் ஒரு தூக்குச் சட்டியில் சூப் கொண்டுவந்தாள்.

வேறு வழி தெரியாமல் சபாபதி இருமிப் பார்த்தான். ஸ்ரீமதி பதறி ஓடிவந்து அவனுக்கு முகமூடியை மாட்டி, பாயைச் சுருட்டிக் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பினாள்.

"எங்கண்ணனுக்குத் திரும்ப ஒட்டிடப் போவுதுங்க."

மச்சானை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போன அன்று சபாபதியும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "எனக்கும் ரத்தம் எடுங்க டாக்டர். நம்ம அணுவுக்கு என்ன பலம்னு பாத்துடுவோம்."

அடுத்த முறை போனபோது ரிசல்ட் வந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதே கிருமி உங்களுக்கும் வந்து போயிருக்கு சார். உங்க அணுக்கள் அளவோட போராடி, நுரையீரலுக்கு எறங்க விடாமயே முடிச்சிடுச்சு. வேணுங்கிறது இந்த மாதிரி சக்திதான்."

கல்யாணத்தன்று பார்த்த மாதிரி ஸ்ரீமதி அவனைப் பார்த்தாள். "குடுத்து வெச்ச ஒடம்பு மாப்ள" என்று மச்சானே முனகினார்.

சபாபதிக்கு அது போதவில்லை. "எனக்கு எப்ப வந்திருக்கும் டாக்டர்? மச்சானுக்கு முந்தியே வந்து, முந்தியே ஜெயிச்சிட்டனா?"

"ரிசல்ட்டைப் பாத்தா முந்திதான்னு தோணுது."

"கேட்டுக்க ஸ்ரீமதி" என்று சபாபதி நெஞ்சை நிமிர்த்தினான்.

மச்சானுக்கு ஊசி போட வந்த நர்ஸ் தங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இவருக்கு ஒட்டவிட்டது நீங்கதானா சார்?"