மங்கள ரத மோட்டார்ஸை இன்பசேகரன் முற்றுகையிட்ட படலம்

வாழ்க இன்பசேகரன்! ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் கண்மூடித் தொட்டே இனம்பிரிக்கும் அருவிரலோன், சுண்ணாம்புக்குழி நெடிக்கு நடுவிலும் சோற்றுமணம் குன்றாது உண்ணும் திண்ணெஞ்சினன், ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பின் தரம்பிரி மேசையில் இருபத்தோராண்டு முடிசூடாமல் வீற்றிருந்த மன்னன் (வீற்றிருந்தான் என்பது பேச்சுக்குத்தான், அது நின்றுகொண்டே பார்க்கும் மேசை), அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு டிசம்பர் மாதம் வேலூர்க் கார்க் கடையொன்றின் மீது படையெடுத்த பெருங்கதையைப் பாடப் புகுகின்றேன். நீரின்றியே ஓடும் பேறுபெற்ற பாலாறே, நீ சாட்சி! காவியமென்றால் ஆறு ஒன்று வேண்டுமாம். எங்களிடம் இருப்பது இதுதான்.

எந்தப் போருக்கும் ஒரு காரணம் உண்டு. இப்போருக்குக் காரணம் இரண்டு கால்கள். அவை இன்பசேகரனின் மனையாள் தேவகிருபையினுடையவை. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்த அப்பெருமாட்டி, வைகறையில் ஆம்பூரில் பஸ் ஏறி, ஒன்றேகால் மணி நேரம் கம்பியைப் பற்றி நின்று, எட்டு மணி நேரம் வார்டில் நின்று, மறுபடியும் ஒன்றேகால் மணி நேரம் நின்று வீடு திரும்புவாள். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்ததில் அவள் கெண்டைக்காலில் நீல நரம்புகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு எழுந்தன. மாலைதோறும் அக்கால்களுக்கு எண்ணெய் தடவிவிடும் வேளையில் நம் வீரனின் நெஞ்சு வெந்தது. இவள் உட்கார்ந்து போகவேண்டும் என்பது ஒன்றே அவன் வாழ்வின் இலட்சியம் ஆயிற்று.

அதற்கான ஆயத்தங்களும் நடந்தேறியிருந்தன. பாகாயத்து டிரைவிங் ஸ்கூலில் ஆறு வாரம் பயின்று தேவகிருபை லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் இன்னும் மூன்று நர்ஸுகள் பெட்ரோலுக்குப் பங்கு தருவதாக வாக்களித்திருந்தனர். குறை ஒன்றே ஒன்று, கார் இல்லை.

அவ்வேளையில்தான், ஞாயிறு ஆராதனை முடிந்து மட்டன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நன்னேரத்தில், செய்தித்தாளின் அரைப்பக்கத்தை அடைத்துக்கொண்டு அப்பேரறிவிப்பு வெளிவந்தது:

“ரூ. 9,999 மட்டுமே கட்டுங்கள்! மாதம் ரூ. 1,299 மட்டுமே! இன்றே காரில் வீடு திரும்புங்கள்! மங்கள ரத மோட்டார்ஸ், வேலூர்.”

இரண்டு ‘மட்டுமே’க்களும் முரசுகளென முழங்கின. 1,299 என்ற எண்ணின் தோளருகே ஒரு சின்னஞ்சிறு நட்சத்திரமும் மின்னியது. வேறு மாதமாயிருந்தால் ஐயம் தோன்றியிருக்கும். அதுவோ டிசம்பர், ஆம்பூரில் கிறிஸ்தவர் வீட்டு வாசலெங்கும் காகித நட்சத்திரம் தொங்குகின்ற காலம். “பண்டிகைன்னு ஸ்டார்லாம் போட்டிருக்கான் பாரு, நல்ல மனுசன்” என்று இன்பசேகரன் மனமுருகினான். அந்த நட்சத்திரத்துக்கு அடியில் வேறொரு செய்தி இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள், ஷாப்பின் தோற்குவியல்கள் அதிர, அவன் வஞ்சினம் கூறினான்: “சனிக்கிழமை பஸ்ஸுல வேலூர் போறேன். திரும்பி வரும்போது பஸ்ஸுல வந்தா என் பேரு இன்பசேகரன் இல்ல!”

சனிக்கிழமை புலர்ந்தது. தோளில் வெள்ளைத்துண்டு துலங்க, அருகில் கைப்பைக்குள் பதினாயிரம் ரூபாய் கதகதக்கத் தேவகிருபை நடக்க, வீரன் மங்கள ரத மோட்டார்ஸின் கோட்டைவாயிலை அடைந்தான். ஆளுயரக் கண்ணாடி மதில்கள். அகழிக்கு ஈடாக ஒரு சாக்கடை. அதன்மேல் பாலமென ஒரு கடப்பைக்கல். உள்ளே நடுக்கூடத்தில், தக்காளி நிறத்தில், துடைத்துத் துடைத்து முகம் தெரியும்படி ஆக்கிய சின்னக் கார் ஒன்று நின்றது. “உக்காந்து பாருங்க சிஸ்டர், காசா பணமா” என்று கதவைத் திறந்துவிட்டான் விற்பனைத் தளபதி நசீர் அகமது. கழுத்தில் டை, கையில் ஃபைல், முகத்தில் மூன்று மாதத்து அனுபவம். தேவகிருபை உட்கார்ந்தாள், ஸ்டீயரிங்கைத் தொட்டாள், செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள், கண்களை மூடிக்கொண்டாள். அதை இன்பசேகரன் கண்டான். வாங்காமல் திரும்புவதில்லை என்று அவன் அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

போர் மூண்டது. நசீர் அகமது முதற்கணையாக வழவழப்பான தாளொன்றை மேசையில் எய்து, “இங்க ஒரு கையெழுத்து, சார். மாசம் ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தொம்போது, அவ்ளோதான். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று இன்சொல் பொழிந்தான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் கழுகெனப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை ஏந்திய வீரனின் கை தாளைத் தொட்டதுதான் தாமதம், இருபத்தோராண்டுப் பழக்கம் தானாகவே விழித்துக்கொண்டது. தோலின் மேற்பக்கம் பளபளப்பது எவர்க்கும் தெரியும். கத்தி பட்ட வெட்டும் உண்ணி கடித்த ஓட்டையும் உள்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். ஆதலின் தரம்பிரிப்பவன் எதையும் புரட்டாமல் ஒப்புக்கொள்ளமாட்டான். வீட்டில் அவன் தோசையைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் உண்பான். இங்கும், சிந்தியாமலே, தாளைப் புரட்டினான்.

ஆ! எறும்பூரும் எழுத்துகளில், வானத்து நட்சத்திரம் தன் மெய்யுருக் காட்டி அங்கே கிடந்தது: ‘தவணை 48 மாதங்கள். வட்டி ஃப்ளாட் 12 சதவீதம். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங், ஹேண்ட்லிங், ஃபைல் சார்ஜ் ரூ. 4,500 தனி.’

இன்பசேகரன் தாளின் ஓரத்திலேயே கணக்கிட்டான். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதை நாற்பத்தெட்டால் பெருக்கினால் அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு. முதலில் கட்டும் பணத்தையும் சேர்த்தால் எழுபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தொன்று. காரின் விலையோ ஐம்பத்திரண்டாயிரம். “இருபதாயிரம் ஜாஸ்தியா?” என்று அவன் முழங்கிய முழக்கத்தில் மேசை மீதிருந்த டீ கிளாஸ் நடுங்கியது.

“பன்னெண்டு பர்சன்ட் தானே சார், ரொம்பக் கம்மி” என்று கேடயம் உயர்த்தினான் நசீர்.

காரிலிருந்து இறங்கி வந்த தேவகிருபை அந்தக் கேடயத்தை ஒரே கேள்வியில் பிளந்தாள். “தம்பி, மாசாமாசம் அசலும் கட்டிட்டே வர்றோம் இல்ல? கடைசி மாசம் பாக்கி ஆயிரம் ரூவாகூட இருக்காது. அப்பவும் மொத நாள் வாங்கின நாப்பத்திரண்டாயிரத்துக்கே வட்டியா? ஜொரம் எறங்கின பேஷண்டுக்கு டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் நூத்திநாலுன்னே சார்ட்ல எழுதுவாங்களா? எங்க ஸ்டாஃப் சொசைட்டில பாக்கிக்கு மட்டும்தான் வட்டி.”

நசீர் அகமது புறமுதுகு காட்டவில்லை. அவனுக்கு மாதச் சம்பளம் அதற்கல்ல. அம்பறாத்தூணியின் கடைசி அத்திரமாகிய லீஸ் என்பதை எடுத்தான். மாதம் ஆயிரத்து ஐம்பதுதான், மூன்று வருடம் ஓட்டலாம், வட்டி என்ற பேச்சே இல்லை என்று வருணித்தான். “மூணு வருசம் கழிச்சு?” என்று கேட்டாள் தேவகிருபை. “காரைத் திருப்பிக் குடுத்துடணும் சிஸ்டர்.” அவள் கணக்குப் போடக்கூட இல்லை. “முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல வாடகை கட்டிட்டு, மறுபடி பஸ்ஸுல நிக்கணுமா?” என்றாள். அத்திரம் வழியிலேயே அவிந்தது.

இனி எஞ்சியது உண்மை விலை. அதை அறிய, தோல்மண்டியின் தொன்மரபு ஒன்றையே இன்பசேகரன் துணைக்கொண்டான். பச்சைத்தோல் வாங்கும் இடத்தில் எவரும் வாயால் விலை பேசார். வாங்குபவன் கையும் விற்பவன் கையும் ஒரு துண்டுக்கடியில் சந்திக்கும். பிடிக்கும் விரல்தான் எண், மூடிய முட்டி என்றால் ஒன்றுமில்லை. சுற்றி நிற்பவர் காதில் ஒரு பைசாவும் விழாது. ஆகவே அவன் தோளிலிருந்த துண்டை உருவி, மேசைமேல் கிடந்த நசீரின் வலக்கையைப் போர்த்து, உள்ளே தன் கையை நுழைத்தான்.

கார்க் கடை திகைத்தது. மேனேஜர் எழுந்து நின்றார். “இன்னா சார் பண்றீங்க?” என்று நசீரின் வாய் கேட்டது. ஆனால் விரல்கள் கேட்கவில்லை! ஏனெனில் நசீர் அகமது, டை கட்டுவதற்கு முன்பு, பேரணாம்பட்டுத் தோல் வியாபாரி ஒருவரின் மகன். எட்டு வயது முதல் அத்தாவோடு மண்டிக்குப் போனவன். துண்டு விழுந்ததும் அவன் கைக்குத் தன் தாய்மொழி கேட்டதுபோல் ஆயிற்று. மண்டியில் வாய் பொய் சொல்லலாம், துண்டுக்கடியில் விரல் பொய் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னவனிடம் மறுநாள் எவரும் கை கொடார். இது மேனேஜருக்குத் தெரியாது.

ஆதலின் அன்று அங்கே இரண்டு வியாபாரங்கள் ஒருங்கே நடந்தன. “ஃபிட்டிங்கு, ஹேண்ட்லிங்கு, ஃபைல் சார்ஜு, எல்லாம் சேத்து நாலாயிரத்து ஐநூறு?” என்று இன்பசேகரன் வினவ, “கம்பல்சரி சார், ஒண்ணும் பண்ண முடியாது!” என்று கண்ணாடி அறை வரை கேட்கும்படி நசீர் அறைந்தான், துண்டுக்கடியில் அவன் கை முட்டியாய் மூடிக்கொண்டது. “லோன்ல உங்க கடைக்கு இன்னா கெடைக்குது?” “ஒண்ணுமே இல்ல சார், சர்வீஸ்தான்!” துண்டுக்கடியில் இரண்டு விரல்கள், இரண்டாயிரம், இன்பசேகரனின் உள்ளங்கையில் வந்து அமர்ந்தன. கோட்டைச்சுவர் கல் கல்லாய்ச் சரிந்தது. ஐம்பத்திரண்டாயிரம், அதற்கு மேல் வரியும் இன்ஷூரன்ஸும், வேறு நயாபைசா இல்லை. சொசைட்டிக் கடன் போதும். வெற்றி முரசு கொட்டு என்று நான் பாலாற்றை நோக்கித் திரும்பினேன்.

திரும்பியிருக்கக்கூடாது. வீரன் கடைசியாக ஒன்று கேட்டான்: “லோன் வேணாம். முழு ரொக்கம். வண்டி எப்போ தர்றீங்க?”

“கூடிய சீக்கிரம் சார்!” என்று நசீரின் வாய் மலர்ந்தது. துண்டுக்கடியில் ஐந்து விரல்களும் விரிந்தன. இன்பசேகரன் ஐந்து நாள் என்றெண்ணி மகிழ்வதற்குள், அவை மூடி, மீண்டும் ஐந்தாய் விரிந்தன. பத்து. நசீர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எவருக்கும் கேளாக் குரலில், “மாசம், அண்ணே” என்றான். “ஷோரூம்ல நிக்கிறது லோன் பார்ட்டிக்குத்தான். ரொக்கம்னா வரிசையில நிக்கணும்.”

அக்கணம், களங்கள் பல கண்ட அவ்வீரன் கலங்கினான். இருபதாயிரம் ஒரு தட்டில், இரண்டு கால்கள் மறு தட்டில். அவன் பேனாவை மறுபடியும் எடுத்தான். லோன் தாளை, இம்முறை புரட்டாமலே, தன் பக்கம் இழுத்தான். “போனா போவுது கிருபை, ரொக்கம்னா பத்து மாசம் ஆவுமாம். இன்னிக்கே கார்ல போலாம். உன் காலு...”

தேவகிருபை துண்டைத் தூக்கி அவன் தோளில் போட்டு, கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். “பன்னெண்டு வருசம் நின்னேன். பத்து மாசம் நிக்க மாட்டேனா? இருபதாயிரம் சம்பாதிக்க நான் எத்தினி நாள் வார்டுல நிக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?” அவள் கண்கள் கலங்கியிருந்தன, அந்தத் தக்காளி நிறக் காரை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பதினாயிரத்தை எண்ணிக் கட்டி, வரிசையில் பெயர் எழுதினாள். நசீர் நீட்டிய ரசீதை வாங்கி, ஒருமுறை புரட்டினாள். “பின்னாடி ஒண்ணும் இல்ல. வாங்க” என்றாள்.

இவ்வாறு எல்லாக் கணையையும் முறித்து, எல்லாத் திரையையும் கிழித்து, இருபதாயிரமும் அதற்கு மேல் நாலாயிரத்து ஐந்நூறும் பகைவர் கையிற் சேராது மீட்டு, வாகை சூடிய நம் தலைவன், மாலை ஐந்தரை மணிக்கு, வேலூர் பஸ் நிலையத்தின் மக்கட்கடலுக்கு நடுவே, கூடைக்காரரும் குடைக்காரரும் பள்ளிப்பிள்ளைகளும் கணியம்பாடிக்குப் போகவேண்டியவர்களும் வழிதவறி வந்து மோதும் பேரிரைச்சலில், செய்த வஞ்சினம் நினைந்து தலைகுனிந்து நின்றான். தொலைவில் ஆம்பூர் பஸ் வளைந்து திரும்பியது. அது நிற்கவும் இல்லை. அதற்குள் ஐம்பது பேர் அதன் வாயிலைச் சூழ்ந்தனர். அப்போது இன்பசேகரன் நிமிர்ந்தான். தேவகிருபையின் கால்களை ஒருமுறை பார்த்தான். இடியென ஓடினான், முட்டினான், மோதினான், வாயிலை விட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தான், உருண்டுகொண்டிருந்த அவ்வூர்தியின் மூன்றாம் சன்னலை எட்டிப்பிடித்து எம்பினான், சற்றுமுன் மங்கள ரதத்தின் மறைகளையெல்லாம் மறைத்து அறிந்த அதே வெள்ளைத்துண்டை, மின்னல் கீறினாற்போல் உருவி, “ஆள் இருக்கு!” என்று எண்டிசையும் அதிர முழங்கி, கம்பிகளினூடே வீசினான்.

தேவகிருபைக்கு உட்கார இடம் கிடைத்தது.